லச்சு பேர் இருந்த பாட்டு

வியாசர்பாடி ஹவுசிங்போர்டில் போய், கிடார் வாசிக்கிற செங்குட்டுவன் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேர் நாலு பக்கம் கை காட்டுவார்கள். "எந்திரிச்சி வா" பாடுகிறவர் வீடு எது என்று கேட்டால் போதும், சின்னப்பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விடும். விட்டுவிட்டு, யார் வீட்டில் சாவு என்றும் கேட்கும். அந்தக் கேள்வி அவர் பெண்டாட்டி வரலட்சுமிக்கு அலுத்துப்போய் வருஷக்கணக்காகிறது. ஏனென்றால் அந்தப் பாட்டு சாவுக்காக எழுதினதே இல்லை. அவளுக்காக எழுதினது.

செங்குட்டுவனுக்குப் பேர் வைத்தது அவன் அப்பா. மில் தொழிலாளி, மேடைப் பேச்சு கேட்டே தமிழ் படித்தவர். இமயத்திலிருந்து கல் கொண்டுவந்த ராஜா பேரை மகனுக்கு வைத்தார். மில் மூடினது தொண்ணூற்றாறில். ராஜா பேர்க்காரனுக்குத் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது, கப்பலில் துரு சுரண்டுகிற வேலை. காலையில் சுத்தியலை எடுத்துத் தட்ட ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் தட்டவேண்டியதுதான். ராத்திரி படுத்த பிறகும் காதுக்குள் யாரோ தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

அப்படி ஏறின ஒரு கப்பலில்தான் அவனுக்குக் கிடார் கிடைத்தது. பிலிப்பைன்ஸ்காரன் ஒருத்தன், கப்பல் சமையல்காரன், சாப்பாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து வாசிப்பான். செங்குட்டுவன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பை அவனுக்குக் கொடுத்தான். அவன் இவனுக்கு எங்கெங்கே விரல் வைப்பது என்று காட்டினான். மூன்று இடம் பழகுவதற்குள் கப்பலுக்குப் புறப்பட உத்தரவு வந்துவிட்டது. போகிற அன்றைக்கு அந்த ஆள், கழுத்தில் விரிசல் விட்ட ஒரு கிடாரையும் நாலைந்து இங்கிலீஷ் கேசட்டையும் இவன் கையில் திணித்துவிட்டுப் போனான். அந்த இங்கிலீஷ் செங்குட்டுவனுக்குப் புரியவே இல்லை. பாடுகிறவன் கோபமாக இருக்கிறான் என்பது மட்டும் புரிந்தது. எனக்கு அது போதும் என்பான்.

துரு தட்டித் தட்டித் தடித்துப்போன விரல். ஒரு கம்பியை அழுத்தப்போனால் இரண்டு அழுந்தும். அதையே அவன் தன் வழக்கமாக்கிக்கொண்டான். பிற்காலத்தில் மயிலாப்பூர்ப் பக்கத்து ஆட்கள் அதை ஸ்டைல் என்று சொல்லிப் புகழ்ந்தார்கள். வரலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது.

கூட இரண்டு பேர் சேர்ந்தார்கள். டிரம்ஸுக்குத் துரை. புளியந்தோப்பில் சாவு ஊர்வலத்துக்குச் சட்டி மேளம் அடித்து வளர்ந்தவன், செங்குட்டுவனுக்கு உயிர் தோஸ்து. இன்னொருத்தன் ஜெனிஷ். அவன் அப்பா நாகர்கோயில் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் பருப்பு மண்டி வைத்திருந்தார். மகன் பேஸ் கிடார் வாங்கினதே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை குடோன் சாவியை மட்டும் ஏதோ மறந்துவிட்ட மாதிரி மேசைமேல் வைத்துவிட்டுச் சர்ச்சுக்குப் போவார். துவரம்பருப்பு மூட்டைகளுக்கு நடுவில்தான் "துரு" என்கிற அந்தக் குழு பிறந்தது.

பிறந்த குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்ளத்தான் ஆளில்லை. சினிமாப் பாட்டு பாட மாட்டான் செங்குட்டுவன். சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, வட சென்னைப் பேச்சிலேயே பாடுவான். ஒரு காலேஜ் விழாப் போட்டிக்குப் போனார்கள். மேற்கத்திய இசைப் பிரிவில், இங்கிலீஷ் பாட்டு இல்லையே என்றார்கள். மெல்லிசைப் பிரிவில், எந்தப் படம் என்று கேட்டார்கள். எந்தப் படமும் இல்லை என்றதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். கடைசியாக நாட்டுப்புறப் பாட்டுப் பிரிவுக்குப் போனால், அந்த எலெக்ட்ரிக் சாமானையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். துரை அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தான். செங்குட்டுவனால் சிரிக்க முடியவில்லை.

நன்றாகப் பாடுகிறவன் என்று தெரிந்தால் அந்தப் பக்கத்தில் சாவு வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். அது ஒரு மரியாதை. இறந்தவரைப் பற்றிப் பாடி, பேரைச் சொல்லி அழைத்து, பாட்டோடு அனுப்பிவைப்பார்கள். செங்குட்டுவனையும் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. அவன் தாய்மாமன் சாவு வீடுகளில் பாடிப் பாடி, அந்த வீடுகளில் கொடுத்ததைக் குடித்துக் குடித்து, நாற்பது வயசுக்குள் தானே ஒரு பாட்டாகிப் போனவர். "நா உசிரோட கீறவனுக்குப் பாடணும்" என்பான் செங்குட்டுவன். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் கொஞ்சம் உயரும்.

வரலட்சுமி தண்டையார்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்த்தாள். பெரும்பாலும் நைட் டூட்டி. காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். அவள் இருந்த பிளாக்குக்குக் கீழே டீக்கடையில் பாதி டீயை வைத்துக்கொண்டு, அவள் ஜன்னல் எப்போது திறக்கும் என்று ஒருத்தன் நின்றுகொண்டிருப்பது அவளுக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்தபோது அவன் அதைப் பாட்டாகவே போட்டுவைத்திருந்தான்.

எந்திரிச்சி வா லச்சு எந்திரிச்சி வா
நாலு மணி வெயிலு வந்து கதவத் தட்டுது
படுத்தது போதும் லச்சு எந்திரிச்சி வா
பாதி டீய ஆறவச்சி நா நிக்கிறேன்

இரண்டாயிரத்தில் கல்யாணம் ஆனது. சாயங்காலம் வரவேற்பில் மாப்பிள்ளையே மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கிடாரை எடுத்துக்கொண்டான். "லச்சு" என்று அவன் பாட்டில் கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் தெருவே விசில் அடித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. வட சென்னையில் எத்தனையோ பொண்ணுங்களுக்குச் சங்கிலி போட்டிருப்பார்கள், வளையல் போட்டிருப்பார்கள். பாட்டு போட்டது தனக்கு மட்டும்தான் என்று இருந்தது. வடபழனியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் அதைப் பதிவுசெய்து கேசட்டாகப் போட்டார்கள். ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் நின்று மூன்று பேரும் விற்றார்கள். விற்றதைவிட இலவசமாகக் கொடுத்ததுதான் அதிகம்.

அடுத்த வருஷம் துரை போய்விட்டான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி திரும்பியது, இவன் சைக்கிள் பக்கவாட்டில் இருந்தது. அவ்வளவுதான்.

புளியந்தோப்பில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் அவனை வைத்திருந்தார்கள். அவனோடு சின்ன வயசில் சட்டி அடித்த பையன்கள் எல்லாம் வந்து அடித்தார்கள். சாயங்காலம் எடுப்பதாக ஏற்பாடு. எடுக்கிறதற்கு முன்னால், மேளக்காரனைப் பாட்டு இல்லாமல் அனுப்பக் கூடாது என்று தெருவே செங்குட்டுவனைப் பார்த்தது. யாரோ போய்க் கிடாரையும் எடுத்து வந்துவிட்டார்கள். அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை. துரைக்கு எப்படிச் சொல்வான்? ஆனால் அவனிடம் சாவுப் பாட்டு என்று ஒன்றுகூட இல்லை. துரைக்குப் பிடித்த பாட்டு ஒன்று இருந்தது. அதை எடுத்தான்.

பேர் வருகிற இடம் வந்தது. பெண்களோடு துரையின் அம்மா மலர்க்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற வரலட்சுமியை அவன் ஒரு தடவை பார்த்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான். "எந்திரிச்சி வா தொரை எந்திரிச்சி வா" என்று பாடினான்.

மலர்க்கொடி வரலட்சுமியின் கையை உதறிவிட்டுப் பெட்டி மேல் விழுந்தாள். சட்டி அடித்துக்கொண்டிருந்த பையன்கள் குச்சியைக் கீழே போட்டுவிட்டு அழுதார்கள். வரலட்சுமியும் அழுதாள். தன் பேரை எடுத்துவிட்டு அவன் பேரை வைத்ததில் அன்றைக்கு அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. சரியாகத்தான் செய்தான் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து அதை அவனிடம் சொல்லவும் சொன்னாள். அந்த ஒரு தடவையோடு முடிந்துவிடும் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

யாரோ டேப் ரெக்கார்டரில் பிடித்திருந்தார்கள். அந்தக் கேசட் கொருக்குப்பேட்டை போனது, காசிமேடு போனது, எண்ணூர் போனது. ஸ்டேஷன் வாசலில் கூவிக் கூவி விற்றும் போகாத பாட்டு, மூன்று மாசத்தில் வட சென்னை முழுக்கப் போய்விட்டது. ஆனால் போனது துரை பேரோடு.

முதலில் வந்தவர் ஒரு மீன்பிடிக்காரர். அவர் தம்பி கடலில் போய்விட்டான், உடம்பு நேற்றுத்தான் கிடைத்தது. அந்தப் பாட்டு ஒன்று மட்டும் பாடினால் போதும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாண வீட்டுக்கு வர முடியாது என்று சொல்லிவிடலாம். சாவு வீட்டிலிருந்து வந்து நிற்கிறவரிடம் அப்படிச் சொல்ல எந்த வாய்க்கு வரும்? போனான். அடுத்த வாரம் இன்னொருத்தர். அதற்குப் பிறகு அவன் எண்ணவில்லை.

போனால் முதலில் அவன் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "வூட்ல இன்னான்னு கூப்புடுவீங்கோ?" ஆரோக்கியதாஸ் என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். எழுப்பும்போது அப்படியா எழுப்பியிருப்பார்கள்? தாசு என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். அந்தப் பேரை வாங்கிப் பாட்டில் வைப்பான். வைத்ததும் வீடு உடையும். நெட்டுக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை, காய்ச்சலில் போனது. வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம் என்றார்கள். அன்றைக்கு அவன் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். மறுநாள் துரு தட்டப் போனான். போகாமல் என்ன செய்வது?

பாட்டுக்குப் பேர் வந்தது. பாட்டுக்காரனுக்கும் வந்தது. ஆனால் கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தால் பெரியவர்கள் முகம் மாறியது. வரலட்சுமியின் சித்தி மகள் கல்யாணத்தில், ஜெனிஷ் வற்புறுத்தினான் என்று மேடை ஏறினான். கிடாரில் அந்தப் பாட்டின் முதல் ரெண்டு அடி வந்ததுமே யாரோ மைக் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். கல்யாண வூட்ல இன்னா பாட்டு எடுக்கிறான் பாரு என்று ஒரு கிழவர் திட்டினார். செங்குட்டுவன் கிடாரைக் கழற்றிக் கொண்டு இறங்கி, பந்தியில் போய் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு குடோனுக்கும் வருவது குறைந்தது. ஜெனிஷின் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, அவனும் மண்டியில் உட்கார்ந்துவிட்டான்.

இதையெல்லாம் வரலட்சுமி தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு. வீட்டில் அவன் அந்தப் பாட்டைப் பாடுவதில்லை. எப்போதிருந்து என்று யோசித்தால், லச்சு என்று கூப்பிடுவதையும் விட்டிருந்தான். "இன்னாமே" என்பான். ரொம்பப் பிரியமாக இருந்தாலும் இன்னாமேதான்.

ஒரு நாள் அவளே கேட்டுவிட்டாள். எனக்குப் போட்ட பாட்டை எனக்கு ஒரு தடவை பாடு என்றாள். அவன் சிரித்துக்கொண்டேதான் கிடாரை எடுத்தான். எந்திரிச்சி வா என்று ஆரம்பித்தான். பேர் வருகிற இடத்தில் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டான்.

"அந்த எடத்துல எத்தினி பேர வச்சி அனுப்பிக்கீறேன்" என்றான். "அங்க உன்ன எப்டிமே வைக்கிறது?"

அவளுக்குக் கோபம் வந்தது. அவள் சாவுக்குப் பயந்தவள் இல்லை. நர்சிங் ஹோமில் இறந்தவர்களைத் துடைத்து, கட்டுக் கட்டி, வண்டியில் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து கை கழுவிச் சோறு தின்கிறவள். "பாட்டு பாடுனா செத்துப் பூடுவாங்களா? அப்டின்னா ஆஸ்பத்திரில டாக்டரு எதுக்கு?" என்று கேட்டாள். ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டாய், என் பாட்டை எனக்குத் திருப்பிக் கொடு என்றாள். அவன் கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டான். அதிலிருந்து அந்தப் பேச்சு அவர்களுக்கு நடுவிலேயே கிடந்தது. சண்டை என்று வந்தால், எதில் ஆரம்பித்தாலும் கடைசியில் அதில்தான் வந்து முடியும்.

இரண்டாயிரத்து ஏழில் ஷாலு என்று ஒரு பெண் வந்தாள். அடையாறுக்காரி, சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுகிறவர்களையெல்லாம் தேடிப்பிடித்து ஆழ்வார்பேட்டையில் ஒரு ஹாலில் நிகழ்ச்சி நடத்துகிறவள். எங்கேயோ ஒரு சாவு வீட்டுக் கேசட்டைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரு மணி நேரம் உங்களுக்கு மட்டும், உங்கள் பாட்டு மட்டும், சினிமா வேண்டாம் என்றாள். பத்து வருஷம் முன்னால் இதை யாராவது சொல்லியிருந்தால் அவன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியிருப்பான். இப்போது கைலியைச் சரிசெய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைதானே, வேலைக்கு லீவு போட வேண்டாமே என்று கேட்டான். அந்த ஒரு பாட்டை மட்டும் கேட்கக்கூடாது, அது மேடைக்கு ஆகாது என்றும் சொன்னான்.

அவள் போன பிறகு வரலட்சுமி அவன் எதிரில் உட்கார்ந்தாள். அங்கே வருகிறவர்களுக்கு அது சாவுப் பாட்டு என்று தெரியாது. எவனும் ஒயரைப் பிடுங்க மாட்டான். அவர்கள் உயிரோடு இருக்கிறவர்கள், நீ பாடணும் என்று ஆசைப்பட்டது அவர்களுக்குத்தானே என்று கேட்டாள்.

"நா முன்னால வந்து குந்திக்கிறேன். எம் பேர வச்சிப் பாடு. ஒரே ஒரு தபா. அதுக்கப்புறம் நா கேக்க மாட்டேன்."

மூன்றாம் நாள் வேலைக்குப் போகும்போது, படியில் நின்று, சரி வா என்றான்.

கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். பீச் ஸ்டேஷனில் இறங்கிப் பறக்கும் ரயில் பிடித்தார்கள். அவன் கிடாரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். ஹாலில் ஏ.சி. ஓடியது, நாற்காலி மெத்துமெத்தென்று இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஜெனிஷ் மண்டியை மூடிவிட்டு வந்து பேஸ் வாசித்தான். டிரம்ஸுக்கு ஷாலு ஏற்பாடு செய்த ஆள், நன்றாகத்தான் வாசித்தான். துரு சுரண்டுகிற பாட்டு, சாம்பல் விழுகிற எண்ணூர்ப் பாட்டு என்று வரிசையாகப் போனது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். முதல் தடவையாக, மேடையில் இருக்கிறவன் செங்குட்டுவன் என்று பேர் தெரிந்த ஆட்கள் அவன் பாட்டுக்குத் தட்டினார்கள்.

கடைசியாக அதை எடுத்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் கிடார் வேகமாக, சந்தோஷமாக, கல்யாணத்தன்று வந்த மாதிரியே வந்தது. வரலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேர் வருகிற இடம் வந்தது. அவன் அவளைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

"எந்திரிச்சி வா குட்டுவா எந்திரிச்சி வா."

வீட்டில் அவனை எல்லோரும் கூப்பிடுகிற பேர் அது. பாட்டுக்காரன் தன் பேரைத் தானே பாட்டில் வைக்கிறான் என்று ஹால் முழுக்க விசில் அடித்தது. "படுத்தது போதும் குட்டுவா" என்று அவன் பாடிக்கொண்டே போனான். வரலட்சுமி எத்தனை வீட்டில் அந்த இடத்தில் ஒரு பேர் வந்து விழுந்ததைக் கேட்டிருக்கிறாள், விழுந்ததும் எத்தனை பேர் நெஞ்சில் அடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறாள். பாட்டு பாடினால் செத்துப்போவார்களா என்று கேட்டவள் அவள்தான். இப்போது வேண்டாம், வேண்டாம் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு, புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். சுற்றி எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டமில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று அவள் கேட்டாள்.

"உன்ன அங்க வைக்க மனசு வர்ல" என்றான். "சும்மா வுடவும் முடியாது, பாட்டு நிக்காது. மிச்சம் நாந்தான் கீறேன்."

ரொம்பக் களைத்துப்போயிருந்தான். சொல்லிவிட்டு அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

மறுநாள் திங்கட்கிழமை. துறைமுகத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன் வழக்கம்போலக் கீழே வந்து நின்று ஹாரன் அடித்தது. அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. மல்லாந்து, வாய் லேசாகத் திறந்து, அசையாமல் படுத்திருந்தான். அடுப்பங்கரையிலிருந்தே ஒரு சத்தம் போட்டு எழுப்புகிறவள் அவள், வீட்டில் இருக்கிற நாளெல்லாம் அப்படித்தான். இன்றைக்கு டீயை இறக்கி வைத்துவிட்டுத் தலைமாட்டில் வந்து நின்றாள். எந்திரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவன் பேர் வருமே என்று நாக்கு நின்றுவிட்டது. கீழே ஹாரன் மறுபடி அடித்தது. அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வேன் போய்விட்டது. அவன் தானாகக் கண் விழிக்கிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை, வாயைத் திறக்கவும் இல்லை.